ஷட்டர் வேகம் தானாக மாறுகிறதா? அப்பர்ச்சர் பிரையாரிட்டியா, மேனுவலோடு ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வா

அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்கள். முதல் படம் 1/250 நொடியில், கண் இமை வரை தெளிவு. அடுத்தது 1/30-இல், கை அசைந்த இடமெல்லாம் இழுபட்டுக் கிடக்கிறது. இடையில் டயலைத் தொடவே இல்லை. உடனே "கேமராவுக்கு ஏதோ ஆகிவிட்டது" என்றுதான் தோன்றும். பெரும்பாலும் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஷட்டர் வேகத்தை நீயே பார்த்துக்கொள் என்று எங்கோ ஒரு செட்டிங்கில் அதற்கு அனுமதி கொடுத்திருப்போம், அவ்வளவுதான்.

அந்த அனுமதியை எந்த மோடு எவ்வளவு தருகிறது என்பதுதான் இந்த அலசல். நான் நெடுநாள் அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் (லென்ஸின் திறப்பை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா தேரும் மோடு; கேனானில் ஏவி) எடுத்துவிட்டு, இப்போது திறப்பையும் வேகத்தையும் நாமே வைக்கும் மேனுவலில் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது ஒளி உணர்திறனை, மட்டும் ஆட்டோவில் விட்டு எடுக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஒப்பிடும் முன் ஒரு சோதனை. மேனுவல் மோடு, ஐ.எஸ்.ஓ. 400 என்று நிலையாக, ஃபிளாஷ் ஆஃப், பிராக்கெட்டிங் (ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் அடுத்தடுத்து எடுக்கும் வசதி) ஆஃப், ஷட்டர் 1/125. ஜன்னலைப் பார்த்து ஒன்று, மேசைக்கு அடியில் இருட்டைப் பார்த்து ஒன்று என்று மாற்றி மாற்றி எடுங்கள். ஒன்று வெளுத்தும் ஒன்று கறுத்தும் வரும், வரட்டும். தகவல் திரையில் எல்லாப் படத்துக்கும் 1/125 என்றே இருந்தால் கேமரா பாடியில் கோளாறு இல்லை. தொடாமலே எண் தாவினாலோ, டயலை ஒரு சொடுக்கு திருப்பினால் எதிர்ப்பக்கம் ஓடினாலோ டயலின் உள் தொடர்பில் அழுக்கோ தேய்மானமோ இருக்க வாய்ப்பு அதிகம். அது சர்வீஸ் வேலை, மெனுவில் தீராது.

இந்தச் சோதனையில் கேமரா தேறிவிட்டால், மிச்சம் இருப்பது மோடுதான்.

அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் ஷட்டர் வேகம் மாறுவது அதன் இயல்பு. வெளிச்சம் பாதியானால் வேகமும் பாதியாகும். அதைக் குறை சொல்ல முடியாது. சிக்கல் என்னவென்றால், அங்கே ஷட்டர் வேகத்தில் கை வைக்கும் உரிமை வெளிச்சத்துக்கு மட்டும் இல்லை. ஏழெட்டுப் பேருக்கு இருக்கிறது. படம் கெட்ட பிறகு அவர்களில் யார் என்று தேடுவதுதான் பெரிய வேலை. நான் மோடை மாற்றிக்கொண்டதற்கு இந்த ஒன்றே காரணம்.

ஸூமில் தொடங்கலாம். பலரிடம் இருக்கும் 18-55 கிட் லென்ஸில் அதிகபட்சத் திறப்பு 18 மி.மீ.யில் எஃப் 3.5, 55-க்குப் போனால் எஃப் 5.6 (எண் கூடினால் திறப்பு சிறிது). ஸூம் வளையத்தைத் திருப்பியதுமே ஒன்றே கால் ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் போய்விடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது). ஐ.எஸ்.ஓ. நிலையாக இருந்தால் 1/125 என்று இருந்தது 1/50-க்கு இறங்கும். கை ஆட்டம் அதிகமாகத் தெரியும் நீளத்தில்தான் வேகமும் குறைகிறது.

அடுத்தது வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில் இருக்கும்போது புள்ளி வெள்ளைச் சட்டையில் விழுந்தால் ஒரு வேகம், பக்கத்தில் கறுப்பு முடியில் விழுந்தால் இன்னொரு வேகம். ஃபிரேம் ஒரு விரற்கடை நகர்ந்தாலே இரண்டு மூன்று ஸ்டாப் வித்தியாசம் வரும். டி.எஸ்.எல்.ஆரை டிரைபாடில் வைத்து வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுத்துவிட்டால், பின்பக்கமாக நுழையும் வெளிச்சமும் மீட்டரை ஏமாற்றும். அதைத் தடுக்கத்தான் ஐபீஸ் மூடி. மிர்ரர்லெஸ்ஸில் இந்தத் தொல்லை இல்லை.

பிராக்கெட்டிங் ஆனில் கிடந்தால் 1/125, 1/250, 1/60 என்று மூன்று மூன்றாகச் சுற்றும். இந்தச் சுழற்சி தெரிந்தால் வேறு எதையும் சந்தேகிக்க வேண்டாம். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (படத்தை நாமே கூடுதல் வெளிச்சமாகவோ இருட்டாகவோ ஆக்க வைக்கும் திருத்தம்) பல கேமராக்களில் சுவிட்சை அணைத்துப் போட்டாலும் அழியாது, போன வாரம் வைத்த பிளஸ் ஒன்று இன்றைக்கும் வேகத்தைப் பாதியாக்கிக்கொண்டிருக்கும். ஃபிளாஷ் போட்டால் வேறு கதை. நிக்கானில் ஃபிளாஷ் ஷட்டர் ஸ்பீடு என்ற செட்டிங் இயல்பாக 1/60-இல் இருப்பதால், மங்கிய இடத்தில் வேகம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கேனானில் ஏவி மோடில் ஸ்லோ சிங்க் (ஃபிளாஷோடு மெதுவான ஷட்டர்) அனுமதி இருந்தால் பின்னணி வெளிச்சத்துக்காக அதற்கும் கீழே போகும். கேனானின் சேஃப்டி ஷிஃப்ட்டும் இந்த வரிசையில் ஒரு ஆள். இயல்பில் அது ஆஃப். யாரோ ஆன் செய்திருந்தால் ஏவி, டிவி (ஷட்டர் பிரையாரிட்டி) மோடுகளில் நாம் வைத்த எண்ணையே மாற்றிவிடும்.

இதற்கெல்லாம் மருந்தாகச் சொல்லப்படுவது ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வில் இருக்கும் மினிமம் ஷட்டர் ஸ்பீடு. நல்ல வசதிதான், ஆனால் அது காவல் இல்லை, ஒரு விருப்பம் மட்டுமே. உதாரணத்துக்குக் குறைந்தபட்ச வேகம் 1/250, ஐ.எஸ்.ஓ. உச்சவரம்பு 1600 என்று வைத்திருக்கிறீர்கள். அறையின் வெளிச்சத்துக்கு 1/250-ஐக் காப்பாற்ற 12800 தேவை. கேமரா 1600 வரை ஏறும், அதற்குமேல் ஏற வழியில்லை என்றதும் உங்களைக் கேட்காமலே 1/30-க்கு இறங்கிவிடும். முதலில் சொன்ன இரண்டு படங்களுக்குப் பின்னால் அடிக்கடி இருப்பது இதுதான். குறைந்தபட்ச வேகத்தை ஆட்டோவில் விட்டால் அது லென்ஸின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்யும். உங்கள் கை ஆட்டத்துக்கு அது போதும், எதிரில் ஓடும் குழந்தைக்குப் போதாது.

மேனுவலில் ஆட்டோ ஐ.எஸ்.ஓ. வைத்தால் இந்தக் கூட்டம் அப்படியே கலைந்துவிடுகிறது. ஷட்டரும் அப்பர்ச்சரும் உங்கள் கையில். ஸூம், மீட்டர், காம்பன்சேஷன், வெளிச்சம் எல்லாம் சேர்ந்து எவ்வளவு குழப்பினாலும் நகர்வது ஐ.எஸ்.ஓ. ஒன்றுதான். அதே அறையில் உச்சவரம்பை 1600-லேயே மறந்து விட்டிருந்தாலும் வேகம் 1/250-இல் நிற்கும், படம் மூன்று ஸ்டாப் இருட்டாக வரும். ரா ஃபைலாக (சென்சாரின் மூலப் பதிவாக) இருந்தால் நாய்ஸோடாவது, அதாவது புள்ளிகளோடாவது, மேலே தூக்கலாம். 1/30-இல் இழுபட்ட முகத்தை எந்த மென்பொருளாலும் உண்மையாகத் திருப்பிக் கொண்டுவர முடியாது. எனவே உச்சவரம்பைத் தைரியமாக 12800-க்கு உயர்த்திவிடுங்கள்.

இந்த முறையைத் தனி மோடாகவே தந்தது பென்டாக்ஸ், 2006-இல் வந்த கே10டி-யில் டிஏவி என்ற பெயரில். மற்றவற்றில் மேனுவலுக்குள் ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவுக்குத் திருப்பினால் அதே வேலை நடக்கும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: இந்த நிலையில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் வேலை செய்கிறதா என்று. சில பழைய தொடக்கநிலை பாடிகளில் செய்யாது. செய்யாவிட்டால் வெள்ளைச் சுவருக்கு முன் நிற்பவர் மங்கலாகத்தான் வருவார், திருத்த வழியிருக்காது.

இங்கேயும் வேகம் மாறினால் சந்தேகப்பட நாலே இடம். ஃபிளாஷ் போட்டிருந்தால் சிங்க் வேகத்தை (ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) தாண்ட விடாது, பெரும்பாலான கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250. பிராக்கெட்டிங் மேனுவலிலும் கை வைக்கலாம். நிக்கான் இசட்6, இசட்7-இல் எலக்ட்ரானிக் ஃபிரண்ட் கர்ட்டனை (ஷட்டரின் முதல் திரைக்குப் பதில் மின்னணு முறை) தேர்ந்தால் 1/2000-க்கு மேல் ஏறாது. கடைசியாக டயல்: தோளில் தொங்கும்போது உரசித் திரும்பும். ஃபியூஜியில் மேல் டயல் 125 என்று காட்டிக்கொண்டிருக்கும், பின் டயல் மூன்றில் ஒரு ஸ்டாப்பாக நகர்ந்து உண்மையான வேகம் 1/100 ஆகியிருக்கும். எனவே டயலில் பொறித்திருக்கும் எண்ணை விட்டுவிட்டுத் திரையில் இருப்பதைப் பாருங்கள். டயல் பூட்டு இருந்தால் போட்டுவிடலாம்.

ஷட்டர் பிரையாரிட்டியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வேகம் நிலையாக இருக்கும், ஆனால் திறப்பு கேமராவின் கைக்குப் போய்விடும். மங்கிய இடத்தில் லென்ஸ் முழுவதும் திறந்து, அதற்குமேல் முடியாமல் எஃப் எண் கண்சிமிட்டும். முழு மேனுவல், ஐ.எஸ்.ஓ.வும் நிலையாக: ஸ்டுடியோ ஃபிளாஷுக்கும் பனோரமாவுக்கும் அதுவே சரி, மேகம் வந்து போகும் வெளிப்புறத்தில் கைக்கு ஓய்வே இருக்காது.

அப்பர்ச்சர் பிரையாரிட்டி தெளிவாக ஜெயிக்கும் இடமும் உண்டு. உச்சி வெயிலில் எஃப் 2.8 வேண்டும் என்றால் ஐ.எஸ்.ஓ. 100-இல் ஏறத்தாழ 1/3200 தேவைப்படும். மேனுவலில் 1/250-ஐ விட்டுவைத்தால் ஐ.எஸ்.ஓ. இறங்க இடமில்லாமல் படம் மூன்றரை ஸ்டாப்புக்கு மேல் வெளுத்துப்போகும். வெயிலும் நிழலும் மாறி மாறி வரும் இடத்தில் நான் இன்றும் ஏவிக்குத்தான் போகிறேன். அசையாத நிலக்காட்சிக்கும் அப்படியே. பறவைகளிலும் வேகமான விளையாட்டுகளிலும் என் அனுபவம் குறைவு, அங்கே மேனுவல்-ஆட்டோ பழக்கம் பரவலாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த, நம் செட்டிங்கைப் பதிந்து வைக்கும் கஸ்டம் மோடுகளில், சி1-இல் மேனுவல் 1/250 ஆட்டோ ஐ.எஸ்.ஓ., சி2-இல் அப்பர்ச்சர் பிரையாரிட்டி என்று பதிந்து வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படிப் பதிந்தால், கேனானில் ஆட்டோ பவர் ஆஃப் ஆகி எழும்போது நடுவில் மாற்றிய வேகம் போய்ப் பதிந்த வேகமே திரும்ப வந்து நிற்கும். கஸ்டம் மோடு மெனுவில் ஆட்டோ அப்டேட்டை ஆன் செய்தால் கடைசியாக வைத்ததே நிலைக்கும். நான் அதை ஆஃபிலேயே விட்டிருக்கிறேன். எழுப்பியதும் 1/250 என்று தெரிந்தால் எனக்கு அதுவே வசதி.