ஓடைக்கரையில் கை வைக்காத மனை வடிவமைப்புக் குழு
எங்கள் நிலத்தின் பின்புறம் ஓடை. வேலைக்கு வந்த குழு முதல் நாளே கரையோரப் புதரைச் சுற்றிக் கயிறு கட்டி, இதற்குள் பொக்லைன் வராது என்றுவிட்டார்கள். இடம் போகிறதே என்று எனக்கு எரிச்சல்தான். அப்புறம் ஒரு கனமழையில், தோண்டிப் போட்ட மண் கரைந்து ஓடிவந்து அந்தப் புல்லிலும் புதரிலும் படிந்து நின்றதையும், ஓடை அவ்வளவாகக் கலங்காததையும் பார்த்த பிறகுதான் புரிந்தது. சரிவான பக்கம் தண்ணீர் வேகமாக இறங்கும் என்பதால் அங்கே இந்தப் புல்லும் புதரும் உள்ள கரையோரப் பகுதியை இன்னும் அகலமாக விட்டிருந்தார்கள். வேர் கரையைப் பிடித்துக்கொள்கிறது, உரத்திலிருந்து வடியும் நைட்ரேட்டையும் ஓரளவு உறிஞ்சுகிறது, மர நிழலில் நீரும் சூடேறுவதில்லை.

ஒரே குறை, மழைநீர்க் குழாயை நேரே ஓடையில் விட்டிருந்தார்கள். தண்ணீர் குழாய்க்குள்ளேயே போய்விட்டால் அப்புறம் புதர் எதற்கு? கேட்டதும், புல்லில் பரவி இறங்கும்படி மாற்றிக் கொடுத்தார்கள். நான்கு நட்சத்திரம்.