ரெடிமேட்டோ, தைப்பிக்கிறதோ? 14 மாசம் போட்டுப் பார்த்த பிறகு

போன வருசம் வேலை மாறினதோட எனக்கு ஒழுங்கான உடுப்புத் தேவைப்பட்டுது. பெரிசா ஒண்டும் இல்லை, வெள்ளைச் சேட், இளநீலச் சேட், கருநீல ரவுசர், சாம்பல் ரவுசர், அஞ்சாறு வருசமாவது உழைக்க வேணும். பாதியை ரெடிமேட்டா வாங்கி மற்றப் பாதியைத் தைப்பிச்சனான், தையல்கடையில ஒரு மாசம் செல்லுமெண்டு சொல்லிப்போட்டினம் அதால. 14 மாசமா ரெண்டையும் மாறி மாறிப் போட்டுத் தோய்ச்சாச்சு. நான் தைப்பிக்கிற பக்கம்தான், அதை முதலே சொல்லிப்போடுறன்.

ரெடிமேட்டில இருக்கிற நல்லது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், போட்டுப் பார்த்து அண்டைக்கே கொண்டு வரலாம். வெளிநாட்டுக்குப் போக வேண்டி எங்கட நாட்டுக் காமன்ற்றுகளில, அதான் உடுப்புத் தைக்கிற தொழிற்சாலைகளில, தைச்சு மிஞ்சின சேட்டுகளும் யாழ்ப்பாணம் நவீன சந்தைப் பக்கம் வரும், சிலது அருமையான தையல். பக்கத்துத் தையலில ஒரு இஞ்சிக்குள்ள எத்தினை ஊசிப் பொத்தல் விழுந்திருக்கெண்டு எண்ணிப் பாருங்கோ, 14க்கு மேல எண்டால் எடுக்கலாம், எட்டு ஒன்பது எண்டால் வைச்சிட்டு வாங்கோ. கொலர்தான் சிக்கல். உள்ளுக்கு வைக்கிற கன்வசைச் சூட்டில ஒட்டுறவை, மலிவா ஒட்டினதெண்டால் கொஞ்சநாள் தோய்ச்சு மினுக்கின பிறகு கொப்புளம் மாதிரி எழும்பும். என்ர ரெடிமேட் வெள்ளைச் சேட் ஒண்டு ஆறு மாசத்தில அப்பிடி ஆச்சு, எவ்வளவு மினுக்கியும் படியேல்லை.

தைப்பிக்கிறதிலயும் பிழை வரும், மறைக்கேல்லை. முதல் போன கடையில பருத்தித் துணியை நனைச்சுக் காயவிடாமல் வெட்டிப்போட்டினம், ரெண்டு தரம் தோய்ச்சதோட கை ஒரு இஞ்சி சுருங்கிப் போச்சு. அதுக்குப் பிறகு துணியை வீட்டிலயே ஒரு இரவு ஊறப்போட்டுக் காயவைச்சுத்தான் குடுக்கிறன், நீங்களும் அப்பிடிச் செய்யுங்கோ.

சரி, நான் ஏன் இந்தப் பக்கம் நிக்கிறனெண்டால் ஒரே ஒரு காரணம்தான், உள்ளுக்கு விடுற துணி. இப்ப நான் போற கடையில இருக்கிற ஐயா அளவெடுத்து முடிய "தம்பி, பின்னுக்கு எவ்வளவு விடட்டும்?" எண்டு கேட்டார், எனக்கு அப்ப விளங்கேல்லை. ரவுசரின்ர பின்பக்க நடுத்தையலில ஒவ்வொரு பக்கமும் ஒண்டரை இஞ்சி விட்டுத் தைச்சுத் தந்தார். போன தை மாசத்துக்குப் பிறகு என்ர இடுப்பு 33இல இருந்து 35க்கு வந்திட்டுது, கொண்டுபோய்க் குடுத்தன், அரை மணித்தியாலத்தில பிரிச்சுத் தைச்சுத் தந்தார், இன்னும் கொஞ்சம் விடலாமெண்டும் சொன்னார். அதே நேரத்தில வாங்கின ரெடிமேட் ரவுசரையும் கொண்டுபோனன், திருப்பிப் பார்த்தால் அரை இஞ்சி கூட இல்லை, ஓரத்தை வெட்டி ஓவர்லொக் அடிச்சுக் கிடக்கு, அதில செய்ய ஒண்டுமே இல்லை. துணி நல்ல துணி, சாயமும் போகேல்லை, ஆனா அலுமாரியில சும்மா தொங்குது, பார்க்க மனம் கேக்குதில்லை. நீளமும் அப்பிடித்தான், கால் மடிப்புக்குள்ள ரெண்டு இஞ்சி இருந்தால் தம்பிக்கும் குடுக்கலாம்.

சேட்டிலயும் இதே கதைதான். ஒரு சேட்டில முதல் தேயிறது கொலர் மடிப்புத்தான், மற்றதெல்லாம் புதுசு மாதிரி இருக்கும். கொலரைக் கழுத்துப் பட்டியில இருந்து கழட்டி, மற்றப் பக்கம் திருப்பி வைச்சுத் தைக்கலாம், சேட்டுக்கு இன்னும் ரெண்டு வருசம் கூடும். அப்பான்ர சேட்டுகளை அம்மா இப்பிடித்தான் திருப்பிக் குடுக்கிறவ. கொலர் நுனியைத் தெறியால பூட்டுற சேட்டுக்கும், கொலர் நுனி மடங்காமல் நிக்கக் கீழ குச்சி செருகுற ஓட்டை இருக்கிற சேட்டுக்கும் இது சரிவராது, அதால சாதாரணக் கொலராச் சொல்லித் தைப்பியுங்கோ. மிஞ்சின துண்டையும் கேட்டு வாங்கி வையுங்கோ, பிறகு கைப்பட்டி மாத்த உதவும்.

வெள்ளைச் சேட் மங்குறதில ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லை. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது, கட்டிச் சவுக்காரம் போட்டால் நுரைக்காமல் துணியில படிஞ்சு சாம்பல் அடிக்கும், பவுடரில தோய்ச்சால் அவ்வளவு இல்லை.

லினன் ஒரு சேட்தான் தைப்பிச்சனான், அதை வைச்சுத் தீர்ப்புச் சொல்ல மாட்டன். கோட் தைப்பிச்ச அனுபவமும் இல்லை. அவசரமெண்டால், இல்லாட்டி உடம்பு அளவு பல வருசமா மாறாத ஆளெண்டால், நல்ல ரெடிமேட் போதும்.

58 இஞ்சி அகலத் துணியில ரவுசருக்கு ஒண்டேகால் மீற்றர் காணும், சாம்பலில இன்னொண்டுக்கு எடுத்து ஊறப்போட்டாச்சு. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னம் ஐயாட்டைக் குடுக்க வேணும், பிந்தினால் 25 நாள் திருவிழாவும் முடிஞ்சுதான் கையில கிடைக்கும்.