எங்கள் பள்ளியின் 'வாசிப்பு ஜோடி' நேரம்: எட்டு மாதம் பார்த்தபின் எழுதுகிறேன்

போன ஜூனில் பள்ளி திறந்தபோது எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். செவ்வாயும் வியாழனும் மதியச் சாப்பாடு முடிந்து தட்டு கழுவி வைத்ததும், 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்து 25 நிமிடம் கதைப் புத்தகம் படிக்க வேண்டும். 'வாசிப்பு ஜோடி' என்று பெயர் வைத்தார்கள். என் மகன் இரண்டாம் வகுப்பு. நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பதால் உள்ளே போய் உட்கார்ந்து பார்க்க முடிந்தது, பதினைந்து தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். பக்கத்து ஊர்ப் பெற்றோர் சிலர் "அது எப்படி இருக்கு, எங்க ஸ்கூல்லயும் கேக்கலாமா?" என்று விசாரித்தார்கள். அவர்களுக்காகத்தான் இது. கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். ஆனால் யாரை யாரோடு உட்கார வைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் எங்கள் பள்ளியில் முதல் சில மாதம் வீணாய்ப் போனது அங்கேதான்.

ஆரம்பத்தில் பெரிய வகுப்புகளில் முதல் ரேங்க் வாங்கும் பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்போம், நன்றாகப் படிப்பவர்தானே சொல்லிக்கொடுக்க முடியும் என்று. என் மகனுக்கு ஏழாம் வகுப்பு அக்கா ஒருத்தி கிடைத்தாள். தங்கமான பிள்ளை, படிப்பில் படுசுட்டி. அவள் பக்கத்தைத் திருப்புவாள், இவன் முதல் எழுத்தில் விரல் வைப்பான், வாய் திறப்பதற்குள் அவளே சொல்லை முடித்துவிடுவாள். 25 நிமிடத்தில் மூன்று புத்தகம் முடிந்துவிடும், மூன்றையும் அவள்தான் படித்திருப்பாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு அந்தச் சொல் அவ்வளவு சுலபம், அதில் தடுமாற என்ன இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஜோடிகளை மாற்றினார்கள். இந்தத் தடவை தமிழாசிரியை வேண்டுமென்றே, தாமே வாசிப்பில் திணறிக்கொண்டிருந்த சில ஆறாம் வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்தார். அப்படி என் மகனுக்கு ஓர் அண்ணன் வந்தான். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிற பையன் என்று எனக்கே தெரியும், எங்கள் தெருதான். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாகத்தான் இருந்தது, நேரே போய் ஆசிரியையிடம் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன்.

இரண்டாவது வாரம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். புத்தகத்தில் 'பொம்மை' என்ற சொல். என் மகனுக்கு அந்த 'பொ' பெரிய தகராறு. முதலில் கொம்பு, நடுவில் ப, அப்புறம் கால், மூன்றும் சேர்ந்து ஒரே சத்தம். ஏழு வயசுப் பிள்ளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்து 'பெ... பா...' என்று போய் முட்டிக்கொள்வான். அந்த அண்ணன் ஒன்றும் பேசவில்லை. தன் கட்டைவிரலை அந்தக் கால் மேல் வைத்து மறைத்தான். "இப்ப என்ன?" என்றான். "பெ." விரலை எடுத்தான். "இப்ப?" என் மகன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "பொ!" என்று கத்தினான். அடுத்த பக்கத்தில் 'தோட்டம்' வந்தபோது அவனே தன் விரலை வைத்து மறைத்து, 'தே', எடுத்து, 'தோ' என்றான்.

இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது தம்பி என்று வெளியே வந்தபின் கேட்டேன். "யாரும் இல்லீங்க்கா, எனக்கும் அது வராது, நானா இப்படித்தான் பாத்துக்குவேன்" என்றான். அந்த எழுத்து எனக்கு எப்படிப் பழகியது என்று எனக்கு நினைவே இல்லை, ஏழாம் வகுப்பு அக்காவுக்கும் நினைவில்லை. இவன் போன வருடம்வரை அங்கேயே விழுந்து எழுந்தவன், அதனால் பள்ளம் எங்கே இருக்கிறது என்று இவனுக்குத் தெரிகிறது.

அவன் ஏன் அங்கே விழுந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த வருடம் ஆறாம் வகுப்பில் இருப்பவர்கள் 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதியவர்கள். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் ஒருநாள்கூட உட்காராமல் நேரே இரண்டாம் வகுப்பின் நடுவில் வந்து இறங்கினார்கள். கல்வித் தொலைக்காட்சி இருந்தது, பிறகு இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர்கள் சாயங்காலம் வந்தார்கள், அதெல்லாம் உதவியது. ஆனாலும் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துக் கூட்டிப் படிக்கும் காலத்தில் பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். இப்போது அவர்களில் ஒருவன் என் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அந்தப் பையனுக்கு இதில் கிடைப்பதைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன். அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் 2023இல் வர ஆரம்பித்தன இல்லையா, ஒல்லியான கதைப் புத்தகங்கள், 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்று நான்கு படிநிலை. ஆறாம் வகுப்புப் பையன் கையில் 'நுழை' புத்தகத்தைக் கொடுத்து நீ படி என்றால் கூடப் படிக்கிற பையன்கள் சும்மா விடுவார்களா, அவன் தொடவே மாட்டான். ஆனால் "நாளைக்குத் தம்பிக்குப் படிச்சுக் காட்டணும், இன்னைக்கு வீட்ல ஒருதரம் பாத்துட்டு வா" என்று கொடுத்தால் வெட்கமில்லாமல் பையில் வைத்து எடுத்துப் போகிறான். வாசலில் தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து அவன் சத்தம் போட்டுப் படிப்பதை என் காதால் கேட்டேன். தன் தம்பி முன்னால் தப்பு வந்துவிடக் கூடாது என்று அவனுக்கு அவ்வளவு அக்கறை. மூன்று மாதத்தில் 'நுழை'யிலிருந்து 'ஓடு' வரை வந்துவிட்டான், அது அவனுக்கே தெரியாமல் நடந்தது.

"எம்புள்ள படிக்க வந்தானா, பாடம் சொல்லிக் குடுக்க வந்தானா?" என்று ஓர் அம்மா கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது கேட்டால் அந்தத் தெருவிளக்கைக் காட்டுவேன்.

என் மகன் விஷயத்துக்கு வருகிறேன். சின்ன வகுப்புகளில் அடிப்படை எழுத்தும் கணக்கும் பழக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை 'அரும்பு', 'மொட்டு', 'மலர்' என்று மூன்று படியாகப் பிரிப்பார்கள். ஜூனில் அவன் 'அரும்பு', இப்போது 'மொட்டு'. வகுப்பு ஆசிரியையின் உழைப்பு அதில் பெரிது, இந்த ஜோடி நேரம் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாலு வரி உள்ள பத்தியைப் பயமில்லாமல் எடுத்துப் படிக்கிறான். போன மாதம் 'அவர்கள் வந்தார்கள்' என்று அச்சில் இருந்ததை 'அவங்க வந்தாங்க' என்று படித்தான். எனக்கு அதில் சந்தோஷம்தான், பொருள் புரிந்து படித்தால்தானே வாய் அப்படி வீட்டுப் பேச்சுக்குப் போகும். அந்த அண்ணன் அதட்டாமல் "சரிதாண்டா, ஆனா இங்க எழுதியிருக்கறது வேற மாதிரி, மறுபடி பாரு" என்றான். அந்த 'சரிதாண்டா'வை முதலில் சொல்லிவிட்டுத் திருத்த எத்தனை பெரியவர்களுக்குத் தெரிகிறது?

இனி குறைகள். புத்தகங்கள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன, சாவி ஒருவரிடம். அவர் விடுப்பு எடுத்தால் அன்று வாசிப்பு இல்லை, நான் போயிருந்த நாட்களிலேயே மூன்று தடவை இப்படி ஆனது. வெளியே இருப்பது பத்துப் பன்னிரண்டு புத்தகம்தான், அவையே சுற்றிச் சுற்றி வந்ததில் சில பிள்ளைகள் பக்கத்தைப் பார்க்காமலே ஒப்பிக்கிறார்கள். மனப்பாடமா வாசிப்பா என்று தெரிய நான் ஒரு வழி வைத்திருக்கிறேன், நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்று கேட்டால் தெரிந்துவிடும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படிநிலை வாரியாக இலவசமாகவே கிடைக்கின்றன, அச்சிட்டும் கொள்ளலாம். நானும் இன்னொரு அம்மாவும் சில கதைகளை அச்சிட்டு நூல் கோத்துத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம், செலவு பெரிதில்லை.

பெரிய பிள்ளை வராத நாளில் சின்னது தூணோரம் தனியாக உட்கார்ந்திருக்கும். பார்க்கவே கஷ்டமாக இருக்கும். இரண்டு ஜோடிகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது, அதைச் சொல்ல ஓர் ஆசிரியர் அங்கே நிற்க வேண்டும், எல்லா நாளும் நிற்பதில்லை.

என்னை நிஜமாகக் கோபப்படுத்தியது வேறு. ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போன ஒரு நாளில் இதே அண்ணன் அக்காக்களைச் சின்ன வகுப்புகளுக்குக் காவலுக்கு அனுப்பிவிட்டார்கள், கையில் ஸ்கேல், கரும்பலகையில் பேசியவர் பெயர். என் மகன் அன்று வீட்டுக்கு வந்து "அண்ணன் என் பேரையும் எழுதிட்டாரும்மா" என்றான், முகம் வாடிப் போயிருந்தது. அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னபோது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் "இது அந்தக் காலத்துச் சட்டாம்பிள்ளை வேலைம்மா" என்று எழுந்தார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லாதபோது மூத்த பையன்தான் சட்டாம்பிள்ளை, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவதும் அவன்தான், பிரம்பைத் தூக்குவதும் அவன்தான். 1789இல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியில் மூத்தவர்களை வைத்தே இளையவர்களுக்குக் கற்பித்தார் என்றும், 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டபின் அது 'மெட்ராஸ் முறை' என்று பரவியது என்றும் அவர் சொன்னார். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பெல் பணத்தில் தொடங்கிய பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயராம். நம் மண்ணில் இருந்து போனது என்று கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முறை குறைந்த ஆசிரியர்களை வைத்து நிறையப் பிள்ளைகளைச் சமாளிக்க வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துக் காட்டுகிற அண்ணனை ஸ்கேலோடு எதிரில் நிறுத்திவிட்டால், அடுத்த செவ்வாய்க்கிழமை என் மகன் அவனிடம் தப்பாகப் படிக்கத் தயங்குவான். தயங்கினான், ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. அதன் பிறகு காவல் வேலைக்கு அனுப்புவதில்லை என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

ஆக, மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்றைப் பீரோ சாவிக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன்.

வருகிற ஜூனில் ஜோடிகளை எல்லாம் மறுபடி மாற்றுவார்களாம். என் மகன் நேற்று ராத்திரி படுக்கையில் "அண்ணன் ஏழாவது போனாலும் எங்கூடத்தான் உக்காருவாரா?" என்று கேட்டான். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், மனுவும் எழுதி வைத்துவிட்டேன்.