"பொண்ணுன்னா குண்டாத்தான் இருக்கும்" என்பவரை நம்பாதீர்கள்

பெண் ஆக்சலாட்டல் (தண்ணீரிலேயே வாழும் மெக்சிகோ நாட்டு சாலமாண்டர்) வளர்ப்பவர்கள் இதைப் படித்து முடித்ததும் தொட்டியை ஒரு தடவை மேலிருந்து பாருங்கள். நான் எட்டு மாதம் கண்ணாடி வழியாகப் பக்கவாட்டில் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏமாந்ததில் பாதி அதனால்தான்.

வாங்கும்போது அவளுக்கு ஒரு வயதுக்குக் கொஞ்சம் குறைவு. விற்றவர் வாலடியைக் காட்டி, வீக்கம் இல்லை, அதனால் பெண்தான் என்றார். அது சரிதான். அடுத்து சொன்னதுதான் வினை: "தினமும் போடுங்க. வேணாம்னு ஒதுங்குற வரைக்கும் போடுங்க." ஆக்சலாட்டல் எங்கே ஒதுங்கும்? வாய்க்கு முன்னால் எது அசைந்தாலும் 'டப்'பென்று தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். என் விரலையே இரண்டு முறை கவ்வியிருக்கிறாள். தினமும் தீனி என்பது குட்டிகளுக்குத்தான். வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு வேளை போதும். இது எனக்கு அப்போது தெரியாது, அவருக்குக் கட்டாயம் தெரியும்.

கூடவே ஒரு பாக்கெட்டும் கொடுத்தார். உறைய வைத்த சிவப்புக் கட்டிகள். மேலே 'பெண்களுக்கான முட்டை உணவு' என்று ஒரு ஸ்டிக்கர், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி கிடையாது. ஒரு கட்டி போட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கும். கழிவால் தண்ணீரில் சேரும் நைட்ரேட் வேறு ஏறிக்கொண்டே இருந்தது. ஃபில்டரைத்தான் திட்டினேன்.

வயிறு பெருக்கப் பெருக்க அவருக்குப் படம் அனுப்பினேன். மூன்று முறையும் ஒரே பதில்: "முட்டை கட்டியிருக்கு. பொண்ணுன்னா குண்டாத்தான் இருக்கும்." மூன்றாவது முறை கூடுதலாக ஒரு யோசனை: "ஒரு ஆணையும் வாங்கி விடுங்க, முட்டை போட்டதும் வயிறு வத்திடும்." சத்தியமாக வாங்கப் போய்விட்டேன். ஒரே ஈட்டில் பல நூறு முட்டை இடும் என்று படித்த பிறகுதான் பயந்து நின்றேன்.

அப்புறம் நீர்வாழ் உயிர்களைப் பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் டப்பாவின் மூடியைத் திறந்து மேலிருந்து பார்த்ததுமே, "தலையைவிட வயிறு எவ்வளவு அகலம் பாருங்க" என்றார். தலை அகலமும் வயிற்று அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டுமாம். அல்ட்ராசவுண்டில் முட்டையும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் முட்டையைவிடக் கொழுப்புதான் அதிகம். 24 சென்டிமீட்டர் நீளம், 196 கிராம்.

பெண்ணிடம் இதில்தான் குழப்பமே. முட்டை இருந்தால் உடம்பு அகலும், ஆனால் நடுப்பகுதியோடு நிற்கும். கால், கழுத்து, வால் எல்லாம் பழையபடி இருக்கும். கொழுப்பு என்றால் கை இடுக்கில் சின்னச் சின்ன உருண்டை தெரியும், வால் அடியும் தடிக்கும். இவளுக்கு முன்னங்கால் இடுக்கில் சோற்றுப் பருக்கை அளவில் இரண்டு பக்கமும் இருந்தது. நான் அழகு என்று நினைத்திருந்தேன்! ஆபத்தானது மூன்றாவது வகை: ஓரிரு நாளில் பலூன் மாதிரி உப்பி, கீழே இறங்க முடியாமல் மிதந்தால், அது உள்ளே நீர் கோத்ததாகவோ குடல் அடைப்பாகவோ இருக்கலாம். அப்போது விற்றவருக்குப் படம் அனுப்பிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

கட்டியில் என்ன இருக்கிறது என்று விற்றவரை நேரில் கேட்டேன். இரண்டு முறை மழுப்பிவிட்டு, மாட்டு இதயம்தான், கொஞ்சம் ஈரலும் உண்டு என்றார். மெக்சிகோவின் சொச்சிமில்கோ ஏரியில் புழு பூச்சி தின்று வாழ்ந்த உயிருக்கு மாட்டு இதயத்தை எந்த மாடு கொண்டுவந்து கொடுத்தது? குளிர்ந்த தண்ணீரில் கிடக்கும் உடம்பில் அந்தக் கொழுப்பு சரியாகச் செரிக்காது என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். சிரித்தார். பிரிக்காத பாக்கெட் நான்கையும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார். அவ்வளவுதான்.

இப்போது மூன்று நாளுக்கு ஒரு முறை மண்புழு, இடையில் எப்போதாவது தண்ணீரில் மூழ்கும் பெல்லட் (குருணைத் தீனி). ஒரேயடியாகப் பட்டினி போடக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், மெதுவாகத்தான் இறக்க வேண்டும். மாதம் ஒரு முறை எடை: தொட்டித் தண்ணீரோடு டப்பாவைத் தராசில் வைத்துச் சுழியம் ஆக்கிவிட்டு, மெல்லிய வலையில் அவளை எடுத்து, சொட்டுகிற நீரை வடியவிட்டு உள்ளே விடுவேன். ஆறு மாதத்தில் 196 என்பது 163 ஆகியிருக்கிறது. கை இடுக்கு உருண்டை ஒரு பக்கம் போய்விட்டது, இன்னொரு பக்கம் லேசாக இருக்கிறது.

நான் அந்தப் பக்கம் போனாலே இன்னும் கண்ணாடியில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கிறாள். நேற்றுதான் சாப்பிட்டாள்.