முகநூலில் போடுவதா, கச்சேரியில் கொடுப்பதா?

ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டிப் பரந்தன் வரை போனால், தவணைக்குப் பொருள் தரும் காட்சியறைகளுக்குக் குறைவே இல்லை. வாங்கப் போகும்போது கதிரை போட்டு இருத்திக் கதைப்பார்கள். பொருள் பழுதாகிக் கொண்டுபோனால் ஒரே பதில்தான்: “கொழும்புக்கு அனுப்பியிருக்கிறம், வந்ததும் சொல்லுறம்.”

அதற்கு மேல் என்ன செய்வது? இளம் பிள்ளைகள் நிறுவனத்தின் பெயரைப் போட்டு முகநூலில் எழுதிவிடுகிறார்கள். இன்னொரு வழி, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்வது. கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போனால் சபையின் மாவட்ட அதிகாரிகளைச் சந்திக்கலாம். 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். வயதானவர்கள் பெரும்பாலும் இரண்டையும் விட்டுவிட்டு “போகட்டும், எங்கட காலம்” என்று இருந்துவிடுகிறார்கள். நிறுவனங்களுக்கு வசதியான வாடிக்கையாளர் அவர்கள்தான்.

வேகத்தில் முகநூலை அடிக்க முடியாது. எங்கள் வீட்டுக்குப் புதிதாக வாங்கிய தண்ணீர்ப் பம்பி முதல் சிறுபோகத்திலேயே சீல் போய் ஒழுகத் தொடங்கியது. கிளையில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் மருமகன் ஒரு பதிவு போட்டான். கனடாவில் இருக்கிற சொந்தங்கள் எல்லாம் பகிர்ந்தார்கள். அன்று பின்னேரமே நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது: வருந்துகிறோம், இன்பொக்ஸில் விபரம் தாருங்கள். இன்பொக்ஸுக்குப் போனால், முதலில் பதிவை எடுக்கச் சொன்னார்கள், அப்புறம்தான் பம்பியைப் பற்றிக் கேட்டார்கள். இவனும் எடுத்துவிட்டான். பம்பி திரும்பி வந்தது, அதே ஒழுக்கோடு. கையில் பதிவும் இல்லை, எழுத்தில் ஒரு வாக்குறுதியும் இல்லை.

முகநூலின் பலமும் பலவீனமும் இதுதான். நிறுவனம் பயப்படுவது பெயர் கெட்டுவிடும் என்பதற்கு. பதிவு மறைந்தால் பயமும் போய்விடும். உங்களுக்குத் தர வேண்டியது அப்படியே நிற்கும்.

முறைப்பாடு வேறு மாதிரி. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்றபடி பொருள் இல்லையென்று விசாரணையில் கண்டால், நட்டஈடு கொடு, பொருளை மாற்றிக் கொடு அல்லது காசைத் திருப்பிக் கொடு என்று கட்டளையிட அதிகார சபைக்கு அதிகாரம் இருக்கிறது. அதில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. நாங்களும் கடைசியில் அங்கேதான் போனோம். விசாரணைக்குக் கூப்பிட்டபோது கிளை முகாமையாளர் காட்டிய மரியாதை நாங்கள் அதுவரை காணாதது. புதுப் பம்பி கிடைத்தது. ஆனால் அதற்குள் மிளகாய்க் கன்று பாதி கருகிவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மெதுவாகத்தான் நடக்கும்.

ஒரு கெடு இருக்கிறது. பொருளை வாங்கி அல்லது சேவையைப் பெற்று மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. இன்பொக்ஸில் “பார்க்கிறம், பார்க்கிறம்” என்று இழுபடும் நாட்களும் அந்தக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் கடிதம் முதலில், பதிவு பிறகு என்பதுதான் என் கட்சி. பற்றுச்சீட்டு விஷயத்திலும் கவனம் வேண்டும். மெஷினில் அடித்துத் தரும் அந்த மெல்லிய தாள் நம் வெயிலுக்கு வெளிறி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். உத்தரவாத அட்டையில் திகதியும் கடை முத்திரையும் இருக்கிறதா என்று கடையில் நிற்கும்போதே பாருங்கள்.

தொலைபேசிக் கட்டணம், டேட்டா வெட்டு போன்ற சின்ன விஷயமென்றால் முகநூலே போதும். போட்டி நிறுவனங்கள் இருப்பதால் ஓடிவருவார்கள். வராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900 இருக்கிறது.

லீசிங், கடன் என்றால் கதை வேறு. உழவு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்ற கோபத்தில் “கள்ளர்” என்று எழுதினால், பேச்சு உங்கள் பக்கம் திரும்பிவிடும். அவதூறைக் குற்றமாக்கிய சட்டம் 2002இல் நீக்கப்பட்டாலும், நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். போதாததற்கு இணையத்தில் போடும் பதிவுகளுக்கென்று 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்திருக்கிறது. அவர்களிடம் சட்டத்தரணி சம்பளத்துக்கு இருக்கிறார், நம்மிடம் இல்லை. இந்த விஷயத்தில் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் கொடுத்து, சரிவராவிட்டால் மத்திய வங்கிக்குப் போவதுதான் வழி. அதன் நிதி நுகர்வோர் பிரிவின் இலக்கம் 1935. பிராந்திய அலுவலகம் ஒன்று கிளிநொச்சியிலேயே இருக்கிறது. மத்திய வங்கியின் மேற்பார்வையில் இல்லாத கந்துவட்டிக்காரருக்கு இது செல்லாது.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. பதிவு போடுகிறவர்கள் கோபத்தில் கவுண்டரில் நிற்கிற பிள்ளையின் படத்தையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். அது மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்து பஸ் ஏறி வேலைக்கு வருகிற நம் ஊர்ப் பிள்ளை. பழுதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; முடிவெடுப்பவர் கொழும்பில் இருக்கிறார். ஆனால் வேலை போவதென்றால் முதலில் போவது அந்தப் பிள்ளைக்குத்தான். முறைப்பாட்டுக் கடிதத்தில் எதிராளி நிறுவனம் மட்டும்தான். எனக்கு அந்த வழி பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பதிவும் போடுவதென்றால் தாராளமாகப் போடுங்கள். இன்ன திகதி வாங்கினேன், இன்ன திகதி திருத்தக் கொடுத்தேன், இன்ன திகதி முறைப்பாடு செய்தேன் என்று நடந்ததை மட்டும் எழுதினால் போதும். எடுக்கச் சொன்னால், பொருளோ காசோ கைக்கு வந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.