சிக்னல் போன பிறகு எந்த மேப்?

நெட் இருக்கும்வரை மேப் ஆப்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையே கிடையாது. கூகுள் மேப்ஸ் போதும். எந்தக் கடை இப்போது திறந்திருக்கிறது, எந்தச் சாலையில் நெரிசல், அடுத்த பஸ் எப்போது என்று கேட்டதற்கெல்லாம் பதில் வரும். 2005-இல் தொடங்கியதிலிருந்து அது சேர்த்து வைத்திருக்கும் இடங்களின் பட்டியலுக்குப் பக்கத்தில்கூட மற்றவை வர முடியாது. கேள்வி எழுவது மலைப்பாதையில், காட்டுக்குள், வெளிநாட்டில் இறங்கி சிம் வாங்குவதற்கு முந்தைய அந்த ஒரு மணி நேரத்தில். இந்த அலசல் அந்த நேரத்தைப் பற்றியது மட்டும்.

நான் ஆர்கானிக் மேப்ஸை ஆஃப்லைனுக்கு முதல் ஆப்பாக வைத்துக்கொண்டு, கூகுளைத் தேடலுக்கும் நெரிசல் பார்க்கவும் பயன்படுத்துகிறேன். ஆகவே சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துவிட்டுப் போகலாம். நெட் இல்லையென்றால் ஜிபிஎஸ்ஸும் இல்லை என்று இன்னும் நிறைய பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஃபோன் செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதே கிடையாது. சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் சிக்னலைக் கேட்டு, தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. நெட் செய்யும் உதவி, எந்தச் செயற்கைக்கோள் இப்போது எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லி முதல் கணக்கை வேகப்படுத்துவது. அந்த உதவி இல்லாதபோது ஃபோன் அதே விவரத்தையும் செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னலிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒரு முறை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். வானம் தெரியும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் வேலை முடிந்தது. ஆக, அந்த நீலப் புள்ளி எல்லா ஆப்பிலும் வரும். புள்ளிக்கு அடியில் மேப் இருக்கிறதா, அதை வைத்து வழி போட ஆப்புக்குத் தெரிகிறதா என்பதில்தான் வித்தியாசமே.

கூகுளில் ஒரு கட்டத்தை நகர்த்திப் பெரிதாக்கி, வேண்டிய பகுதியை அதற்குள் கொண்டுவந்து டவுன்லோட் செய்ய வேண்டும். எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கீழேயே காட்டிவிடும். நெட் போனதும் அந்தக் கட்டத்துக்குள் கார் ஓட்ட வழி கிடைக்கும். கார் மட்டும்தான். நடக்க, சைக்கிளில் போக, பஸ் ரயிலில் போக ஆஃப்லைனில் வழி தராது. காருக்கும் மாற்று வழிகள், லேன் குறிப்பு, நெரிசல் எதுவும் இருக்காது. நடுவில் அரை மணி நேரம் சிக்னல் போய்த் திரும்பி வரும் கார் பயணத்துக்கு இது தாராளமாகப் போதும். அப்படிப்பட்ட பயணம் மட்டுமே போகிறவர்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம், தப்பில்லை.

நடப்பவர்களுக்கு இது சரிவராது. ஆர்கானிக் மேப்ஸில் கார், நடை, சைக்கிள் மூன்றுக்கும் வழி ஃபோனுக்குள்ளேயே கணக்கிடப்படுகிறது. நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும், ஏனென்றால் அது எப்போதுமே ஆஃப்லைன் ஆப். திருப்பத்தைத் தவறவிட்டாலும் அங்கிருந்தே புதுவழி போட்டுக்கொடுக்கும். நடைக்கும் சைக்கிளுக்கும் வழி போட்டால், எவ்வளவு ஏற்றம், எவ்வளவு இறக்கம் என்று ஒரு சிறு வரைபடம் கீழே வரும். நான்கு கிலோமீட்டர்தானே என்று கிளம்பும் முன் அதைப் பார்த்துக்கொள்வது முழங்காலுக்கு நல்லது.

இதன் மேப் தகவல் வருவது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து. 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய திட்டம், யார் வேண்டுமானாலும் வரையலாம், திருத்தலாம். நடந்தும் சைக்கிளிலும் சுற்றுகிறவர்கள் நிறைய பேர் வரைவதால், கார் கண்ணுக்குத் தெரியாத விஷயங்கள் அதில் அதிகம். ஒரு பூங்காவைப் பெரிதாக்கிப் பார்த்தால் பின்பக்கத்துச் சிறு வாசல், படிக்கட்டு, குடிநீர்க் குழாய், பெஞ்ச் வரை தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். அதே பூங்கா காருக்கான மேப்களில் பெரும்பாலும் ஒரு பச்சைத் திட்டு. ஆனால் இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வரைய ஆள் இல்லாத பகுதியில் பிரதான சாலையைத் தவிர ஒன்றுமே இருக்காது. போகப்போகும் இடத்தை முன்கூட்டியே பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சரி, என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். டவுன்லோட் செய்த மேப்பைப் பராமரிப்பது. எந்த ஆப் நல்லது என்று பேசும்போது இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஆஃப்லைன் என்றாலே கதை இதுதான்.

கூகுளின் ஆஃப்லைன் மேப்புக்குக் காலாவதி உண்டு. முடிய 15 நாளோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது, வைஃபை கிடைத்தால் தானே புதுப்பித்துக்கொள்ளப் பார்க்கும். தினமும் கையில் இருக்கும் ஃபோனில் இது நமக்குத் தெரியாமலேயே நடந்துவிடும், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பயணத்துக்கென்று சிம் இல்லாமல் ஒரு பழைய ஃபோனை வைத்திருக்கிறீர்கள், காரிலேயே கிடக்கும் ஒரு டேப்லெட் இருக்கிறது, அல்லது நெட்டே எட்டாத இடத்தில் நீண்ட நாள் தங்குகிறீர்கள் என்றால் கதை வேறு. நெட் இல்லாதபோது உதவுவதற்காக வாங்கி வைத்தது, உயிரோடு இருக்க நெட்டைக் கேட்கிறது. மழை வந்ததும் தானே மடங்கிக்கொள்ளும் குடை மாதிரி. சில பகுதிகளில் ஒப்பந்தக் கட்டுப்பாடு, மொழி, முகவரி முறை போன்ற காரணங்களால் டவுன்லோட் வசதியே தரப்படுவதில்லை என்று கூகுளே சொல்கிறது. அதனால் போகும் இடத்துக்கு அது கிடைக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும்.

ஆர்கானிக் மேப்ஸில் காலாவதி என்ற பேச்சே இல்லை. ஒரு பகுதியை ஒரு முறை இறக்கினால், நீங்களாக அழிக்கும்வரை அந்தக் கோப்பு ஃபோனில் இருக்கும். பழைய கோப்பில் புதிதாகப் போட்ட புறவழிச் சாலை இருக்காது, ஒருவழிப் பாதை மாறியது தெரியாது. இருந்தாலும் மேப் திறக்கும், தேடலாம், வழியும் வரும். பழைய மேப் இருப்பதும் மேப்பே இல்லாமல் நிற்பதும் ஒன்றாகுமா?

அப்புறம், இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. பெரிய நாடுகளை இந்த ஆப் பல பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு வழி கேட்டால், நடுவில் வெறுமனே கடந்து போகும் பகுதியின் மேப்பும் ஃபோனில் இருக்க வேண்டும். ‘வழியில் உள்ள எல்லா மேப்களையும் இறக்கிப் புதுப்பியுங்கள்’ என்ற அர்த்தத்தில் ஒரு செய்தி வந்து நிற்கும். அதைச் சிக்னல் இல்லாத இடத்தில் பார்ப்பதைவிட எரிச்சலான விஷயம் குறைவு. ஆகவே புதுப்பித்தால் எல்லாப் பகுதிகளையும் சேர்த்தே புதுப்பிப்பது நல்லது. கிளம்புவதற்கு முந்தைய இரவு ஏரோப்ளேன் மோடைப் போட்டுவிட்டு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு தடவை வழி போட்டுப் பாருங்கள். வந்தால் வரும், வராவிட்டால் எந்த மேப் குறைகிறது என்று அதுவே சொல்லும். இந்தச் சோதனை எந்த ஆப்புக்கும் பொருந்தும்.

மேப்பில் தப்பு இருந்தால் யார் திருத்துவது என்பதும் பராமரிப்பில் சேர்த்திதான். கூகுளில் பரிந்துரை அனுப்பலாம், அவர்கள் பார்த்து ஏற்றுக்கொண்டால் மாறும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்கு இருந்தால் நாமே மாற்றிவிடலாம். கடையின் பெயர், திறக்கும் நேரம், கதவு எண் போன்றவற்றை ஆர்கானிக் மேப்ஸுக்குள்ளிருந்தே திருத்த முடியும். சாலையையே மாற்றி வரைய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் இணையதளத்துக்குப் போக வேண்டும். நாம் செய்த திருத்தம் அடுத்தவரின் ஃபோனுக்குப் போவது அடுத்த மேப் கோப்பு வெளியான பிறகு. கூகுளின் வேகத்தை இதில் எதிர்பார்க்கக் கூடாது.

ஆர்கானிக் மேப்ஸ் தோற்கும் இடம் தேடல். கூகுளிடம் பாதிப் பெயரைத் தப்பும் தவறுமாக அடித்தாலும் புரிந்துகொள்ளும். இங்கே பெயர் மேப்பில் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அதை ஒட்டி அடித்தால்தான் உண்டு. அந்தக் கடை மேப்பிலேயே இல்லை என்பதும் சகஜம். இதற்கு நான் செய்வது: நெட் இருக்கும்போதே கூகுளில் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே விரலை அழுத்திப் பிடித்தால் வரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நகலெடுத்து, ஆர்கானிக் மேப்ஸின் தேடல் பெட்டியில் ஒட்டுவேன். புள்ளி சரியாக அதே இடத்தில் விழும். எண்களில் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தாலே ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம், அதற்கு மேல் தேவையில்லை. அதை ஒரு நிறம் கொடுத்துச் சேமித்துவிட்டால் தேடலின் பலவீனம் பயணத்தில் தெரியவே தெரியாது. நேரலை நெரிசல் இல்லாததற்கு மட்டும் இப்படி மாற்று வழி எதுவும் இல்லை. நகரத்துக்குள் காரில் போகும்போது நான் கூகுளைத்தான் திறக்கிறேன்.

அதே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலில் ஓடும் இன்னொரு ஆப் ஓஸ்மாண்ட். மலையேறுகிறவர்கள் இதன் பேரில் சத்தியம் செய்வார்கள். உயரக்கோடுகள், மலைச்சரிவின் நிழல், எந்த வகைப் பாதையைத் தவிர்க்க வேண்டும் என்பதுவரை எதையும் மாற்றி அமைக்கலாம். மேப்பை மணிக்கொரு தரம் புதுப்பிக்கும் வசதியும் சந்தா கட்டினால் உண்டு. பராமரிப்பு என்று நான் இவ்வளவு நேரம் பேசியதில் உண்மையில் இதுதான் முன்னால் நிற்கிறது. பின் ஏன் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை? மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு. வீட்டில் உட்கார்ந்து நோண்டப் பிடிக்கும், வெயிலில் நின்றுகொண்டு வழி தேட எனக்குப் பொறுமை போதாது. ஆப்பும் கொஞ்சம் கனமானது. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரின் இலவசப் பதிப்பில் இத்தனை மேப்தான் இறக்கலாம் என்று வரம்பு உண்டு. எஃப்-டிராய்ட் என்ற திறந்தமூல ஆப் கடையில் கிடைப்பதில் அந்த வரம்பு இல்லை.

ஹியர் விகோ பற்றி எனக்கு அனுபவம் குறைவு. நோக்கியாவின் கையில் வளர்ந்து, 2015-இல் ஆடி, பிஎம்டபிள்யூ, டைம்லர் நிறுவனங்கள் 280 கோடி யூரோவுக்கு வாங்க ஒப்புக்கொண்ட மேப் அது. அந்தக் கார் வாசனை ஆப்பிலும் அடிக்கிறது. கட்டம் போடாமல் நாடு, மாநிலம் என்று மொத்தமாக இறக்கலாம். காரில் மட்டும் போகிற, கூகுளின் காலாவதி பிடிக்காத ஒருவருக்கு ஆர்கானிக் மேப்ஸுக்கு முன்னால் இதைக்கூடச் சொல்லிப் பார்ப்பேன்.

ஆப்பிள் மேப்ஸில் ஆஃப்லைன் வந்தது 2023-இல், ஐஓஎஸ் 17-உடன். கூகுள் போலக் கட்டம் போட்டு இறக்குவதுதான், ஆனால் நடைக்கும் சைக்கிளுக்கும்கூட ஆஃப்லைனில் வழி தருகிறது. மற்றவர்களின் ஃபோனில் பார்த்ததோடு சரி, நீண்ட பயணத்தில் சோதித்தது இல்லை. ஐஃபோன் வைத்திருப்பவர்கள் வேறு ஆப் தேடும் முன் அதை ஒரு கை பார்க்கலாம். கூகுள் 2013-இல் வாங்கிய வேஸ் இந்தப் போட்டியிலேயே இல்லை. வழி போடவே நெட் வேண்டும்.

ஆர்கானிக் மேப்ஸ் என்றே முடிவெடுத்தால் ஒரு விஷயம். இது மேப்ஸ்.மீ என்ற பழைய ஆப்பிலிருந்து பிரிந்து வந்தது. 2025-இல் நிர்வாகம் பற்றிய மனஸ்தாபத்தில் இதிலிருந்தும் ஒரு குழு பிரிந்து கோமேப்ஸ் என்று தனியாகப் போனது. அடித்தளம் ஒன்றே என்பதால் தோற்றமும் பழக்கமும் ஏறக்குறைய அதேதான், இரண்டிலும் விளம்பரம் இல்லை. எதில் தொடங்குவது என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். சேமித்த இடங்களைக் கேஎம்இசட் அல்லது ஜிபிஎக்ஸ் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம், அதை மற்றதில் அப்படியே திறக்கலாம், ஓஸ்மாண்டிலும் ஜிபிஎக்ஸ் திறக்கும். ஃபோனை மாற்றும் முன் அந்தக் கோப்பை மட்டும் மறக்காமல் எடுத்து வையுங்கள். இங்கே கணக்கு, கடவுச்சொல் என்று எதுவும் இல்லாததால் புது ஃபோனில் தானாக வந்து சேரும் என்று நம்பியிருக்க முடியாது.