வெள்ளி அரை டாலரும் மோர்கன் டாலரும்: எந்த லென்ஸ் எதற்கு உதவியது?

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வெள்ளிக் காசுகளில் அச்சு வகை (எந்த அச்சில் அடித்த காசு என்பது) பார்க்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, எத்தனை மடங்கு லென்ஸ் வாங்கலாம் என்றுதான். பல வருடமாக 5 மடங்கு, 10 மடங்கு லென்ஸ்களோடு ஒரு யுஎஸ்பி மைக்ராஸ்கோப்பும் என்னிடம் இருக்கிறது. எந்தக் காசைப் பார்க்கிறீர்கள் என்று தெரியாமல் நான் பதில் சொல்வதில்லை.

1807 முதல் 1836 வரை ஃபிலடெல்ஃபியாவில் அடித்த கேப்டு பஸ்ட் அரை டாலர் என்றால் 5 மடங்கு போதும். அந்த அச்சுகளில் நட்சத்திரம், எழுத்து, ஆண்டு எண் எல்லாவற்றையும் பஞ்ச் எனும் சிறு எஃகு முத்திரை வைத்துக் கையால் தனித்தனியாக அடித்தார்கள். அதனால் அச்சுக்கு அச்சு இடம் கொஞ்சம் தள்ளிப்போகும். இந்த அரை டாலர் அச்சு வகைகளுக்கான பட்டியல் எண்ணான ஓவர்டன் எண்ணைப் பிடிக்க அந்தத் தள்ளல்தான் ஆதாரம். முதல் நட்சத்திரத்தின் முனை விளிம்புப் பல்லுக்கு (காசின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் பல் போன்ற மேடு) நேரே நிற்கிறதா, இரண்டு பல்லுக்கு நடுவிலா? கழுகின் தலைக்கு மேலே ஓடும் நாடா எந்த எழுத்துக்குக் கீழே தொடங்கி எங்கே முடிகிறது? இப்படி இரண்டு இடங்களை ஒரே பார்வையில் ஒப்பிட வேண்டும். 10 மடங்கில் ஒரு நட்சத்திரம்தான் பெரிதாகத் தெரியும். பக்கத்தில் இருப்பது வட்டத்துக்கு வெளியே போய்விடும். நான் எப்போதும் பின்பக்கத்தில்தான் தொடங்குவேன், நாடாவைப் பார்த்ததுமே பாதி வகைகள் கழிந்துவிடும். தேய்ந்த காசிலும் இந்த இடங்கள் பெரும்பாலும் தப்பியிருக்கும் என்பதால், விலை மலிந்த காசை வைத்தே பழகலாம்.

லென்ஸைவிட விளக்கு முக்கியம் என்பேன். ஒரே ஒரு மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக் காசை மெல்லச் சுழற்றினால் அச்சு விரிசல் நூல் மாதிரி எழுந்து நிற்கும். மைக்ராஸ்கோப்பின் வளைய எல்இடி நிழலையே அழித்துவிடுகிறது. போதாக்குறைக்கு, கை பட்டாலே ஃபோகஸ் நழுவும். கண்டுபிடித்ததைப் படம் எடுத்து நண்பருக்கு அனுப்ப நல்ல சாதனம், தேடுவதற்கு இல்லை.

மோர்கன் டாலர் வேறு கதை. 1878இலிருந்து வந்த இந்தக் காசில் உருவமும் எழுத்தும் ஹப் எனும் மூல முத்திரையிலிருந்தே அச்சுக்கு வந்துவிடும். ஆண்டு எண்ணையும், எந்த நாணயச்சாலை என்று காட்டும் எழுத்தான நாணயச்சாலைக் குறியையும் பெரும்பாலும் தனியாக அடிப்பார்கள். வான் ஆலன், மாலிஸ் இருவரும் மோர்கன் அச்சு வகைகளுக்கு வகுத்த வேம் எண்களுக்கு அந்தக் குறியின் சாய்வு, ஆண்டு எண்ணில் தெரியும் இரட்டைக் கோடு போன்ற பொடி விஷயங்கள் வேண்டும். 1882 நியூ ஆர்லியன்ஸ் காசில் ஓ குறிக்கு அடியில் எஸ் குறி இருக்கிறதா என்று பார்க்க 10 மடங்கு ட்ரிப்லெட் (மூன்று கண்ணாடி ஒட்டிய லென்ஸ்) இல்லாமல் முடியாது. அதற்குக் காசு செலவழிக்கலாம். '30 மடங்கு' என்று போட்டு மலிவாக விற்கும் மடக்கு லென்ஸ் வேண்டாம், ஓரமெல்லாம் கலங்கலாக இருக்கும். முதல் ஆண்டுக் காசுகளில் கழுகின் வால் இறகு எட்டா ஏழா என்று எண்ண 5 மடங்கே தாராளம். 1888 நியூ ஆர்லியன்ஸ் 'ஹாட் லிப்ஸ்' வகைக்கு அதுவும் தேவையில்லை. உதடு இரட்டையாக இருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும்.